ஒரு மாசம் கண்ணே தெரியாதா?

“பிறந்த குழந்தைக்கு ஒரு மாசம் கண்ணே தெரியாது, முகத்தைக் காட்டிக் கொஞ்சுவது வீண்” என்று எழுதியிருக்கிற அண்ணனுக்கு: தெரியும், மங்கலாக. 20, 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு பிடிபடும். பால் கொடுக்கும் அம்மாவின் முகம் கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கிறது.

1975இல் வெளியான ஆய்வில், பிறந்து சில நிமிடங்களே ஆன குழந்தைகளுக்கு முன்னால் அட்டைகளை நகர்த்தினார்கள். கண், மூக்கைக் கலைத்துப் போட்ட அட்டையைவிட முகம் வரைந்த அட்டையைத்தான் அவை அதிகமாகத் தலை திருப்பிப் பார்த்தன.

அம்மாப்பேட்டையில் என் தங்கை மகனை ஐந்தாம் நாள் மடியில் வாங்கினேன். என் கண்ணைப் பார்க்காமல், நெற்றியில் முடி தொடங்குகிற ஓரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான். அந்த வயதில் அப்படித்தான், கறுப்பும் வெளுப்பும் சேரும் எல்லைதான் இழுக்கும்.

அப்புறம், நாக்கை நீட்டினால் திருப்பி நீட்டும் என்கிற 1977 ஆய்வு மட்டும் இன்னும் பஞ்சாயத்தில் இருக்கிறது. 2016இல் பெரிதாகச் செய்து பார்த்தவர்களுக்கு அது அமையவில்லை.