நெய்யை நிறுத்தினோம், ரஸ்க் வந்தது

நேற்று ஊத்துக்குளி வெண்ணெய் அரைக் கிலோ வாங்கி வந்து காய்ச்சினேன். சடசடப்பு அடங்கி, அடியில் கசடு பொன்னிறமாகும் நேரத்தில் ஒரு பிடி முருங்கைக்கீரை போட்டேன். கீரை மொறுமொறுவென்று ஆனதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும், கொஞ்சம் தாமதித்தாலும் கருகல் வாசனை வந்துவிடும். நெய்யை வடித்த சட்டியில் இரண்டு பிடி சாதம் போட்டு, உப்புத் தூவிப் பிரட்டிச் சாப்பிடுவது அப்பாவின் நெடுநாள் வழக்கம். சட்டியைப் பார்த்துக்கொண்டே, "நான் சாப்பிடலாமாம்மா?" என்று கேட்டார். 74 வயது மனிதர் பயந்து பயந்து கேட்டது இன்னும் மனசை என்னவோ செய்கிறது.

மூன்று வருடம் முன்பு அவருக்கு இதய ரத்தக்குழாய் அடைபடாமல் இருக்க ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரே வரியில், "நெய், வெண்ணெய் அடியோடு நிறுத்திடுங்க" என்றார்கள். நிறுத்தினோம். அதற்குப் பதில் என்ன சாப்பிடுவது என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நெய் இல்லாத பருப்பு சாதம் இறங்கவில்லை என்று இன்னொரு கரண்டி சாம்பார், அந்த சாம்பாருக்காக இன்னும் கொஞ்சம் சாதம். சாயங்காலம் டீயோடு நாலு ரஸ்க். "இதுல நெய் இல்லையே" என்று நாங்களே எடுத்துக் கொடுத்தோம். ஒரே வருடத்தில் ரத்தத்தில் சர்க்கரையும், ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பும் ஏறி நின்றன.

வெண்ணெய் நல்லதா கெட்டதா என்ற சண்டையில் எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். வெண்ணெயைக் குறைத்து அந்த இடத்தில் நல்லெண்ணெய், கடலை எண்ணெய், வேர்க்கடலை, மீன் என்று வந்தால் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் குறையும், இதயத்துக்கு நல்லது. மைதாவும் சர்க்கரையும் வெள்ளைச் சோறும் வந்து உட்கார்ந்தால் ஒரு லாபமும் இல்லை. சென்னையைச் சேர்ந்த ஆய்வு மையம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடு (ஐசிஎம்ஆர்) சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் சொன்னது. அந்தக் கணக்கில் நம் தட்டில் குவிகிற சோற்றுக்குப் பங்கில்லையா?

அதற்காக, சோற்றை விட்டுக் கொழுப்பைக் கூட்டும் பேலியோ உணவுமுறை அலையில், டீயில் வெண்ணெய் போட்டுக் குடித்தவர்கள் வெண்ணெயைப் புகழ்ந்ததெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. வெண்ணெயின் எடையில் பாதி, சாச்சுரேட்டட் ஃபேட் எனப்படும் நிறைகொழுப்பு. அது எல்டிஎல்லை ஏற்றும் என்பதில் சந்தேகமே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் நிறைகொழுப்பை வைத்துக்கொள்ளச் சொல்கிறது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு ஏறக்குறைய 22 கிராம். ஒரு டீஸ்பூன் நெய்யில் 3 கிராம் இருக்கும். ஒரு ஸ்பூனுக்கு இடம் இருக்கிறது, கிண்ணத்துக்கு இல்லை. "செக்கு எண்ணெய்தானே" என்று தேங்காய் எண்ணெயைத் தாராளமாக ஊற்றுகிறவர்களும் கவனிக்கவும்: செக்கில் ஆட்டினாலும் அதில் 90 சதவீதம் நிறைகொழுப்புதான்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். டீக்கடை பன்னுக்குள் மஞ்சளாகத் தடவித் தருவது பல இடங்களில் வெண்ணெயே கிடையாது, எண்ணெயிலிருந்து வெண்ணெய் போலச் செய்யும் மார்ஜரின். பேக்கரி பஃப்ஸை நாள் முழுக்க மொறுமொறுப்பாக வைத்திருப்பது பெரும்பாலும் வனஸ்பதி வகைக் கொழுப்பு. எண்ணெயை வனஸ்பதி போலக் கெட்டியாக்கும்போது உருவாகி இதயத்தைக் கெடுப்பது டிரான்ஸ் கொழுப்பு; எண்ணெய், கொழுப்பு வகைகளில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2022 ஜனவரியிலேயே விதி வந்துவிட்டது. ஆனால் காலையில் ஊற்றிய எண்ணெய் கறுத்துப்போன பிறகும் ராத்திரி வரை அதிலேயே பஜ்ஜி போட்டால், அந்தச் சட்டியை யார் வந்து பார்க்கிறார்கள்? வீட்டு நெய்க்குப் பயப்படுகிற நாம் அந்த பஜ்ஜியைப் பேப்பரில் ஒற்றிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுகிறோம்.

இப்போது அப்பாவைப் பார்க்கும் டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன் நெய் போதும், சாதத்தைப் பாதியாக்கி காயையும் சுண்டலையும் கூட்டுங்கள் என்றார். ரஸ்க் டப்பாவை மூடிவிட்டோம். மாத்திரை அப்படியே தொடர்கிறது, அதில் விளையாட்டே இல்லை.

நேற்று சட்டியில் ஒரு பிடி சாதம் மட்டும் போட்டேன். "இன்னைக்குக் கணக்கு இதோட முடிஞ்சது, ராத்திரி நெய் கிடையாதுப்பா" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, ஒட்டியிருந்த முருங்கைக்கீரையைச் சுரண்டி எடுத்து முதலில் எனக்கு நீட்டினார்.