"அறியாமை" என்று தலைப்பு வைத்தவருக்கு

நேற்றிலிருந்து அந்தப் புகைப்படப் பதிவுதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. யார் போட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை. கரும்புகைக்கு நடுவே, உள்ளே இருக்கும் செம்பை எடுக்க ஒயர் எரிக்கும் பையன், மேலே "அறியாமையின் விலை" என்று தலைப்பு, கீழே வரிசையாக அழுகை எமோஜிகள்.

அது கானாவின் தலைநகர் அக்ராவில் இருந்த அக்போக்புளோஷி. "இருந்த" என்றுதான் சொல்ல வேண்டும். பழைய இரும்பும், தூக்கிப்போட்ட டிவி, கணினி மாதிரி மின்கழிவும் பிரித்து விற்ற அந்தச் சந்தையை 2021 ஜூலையில் இடித்துத் தள்ளிவிட்டார்கள். எரிப்பு நின்றதா? பக்கத்துப் பகுதிகளுக்குச் சிதறிப் போனது, அவ்வளவுதான். தலைப்பு யோசிக்க நேரம் இருந்தவருக்கு இதைத் தேடிப் பார்க்க நேரமில்லை போலிருக்கிறது.

அறியாமை இல்லை ஐயா, அது வேலை. எந்த ஒயருக்குள் செம்பு, எதற்குள் அலுமினியம் என்று அந்தப் பையனுக்குத் தெரியும். உங்களுக்கும் எனக்கும் தெரியாது. பழைய குளிர்பதனப் பெட்டியின் நுரைப்பஞ்சை அவன் எரிபொருளாகப் போடுவது, சும்மா கிடைக்கிறது, சட்டென்று பற்றிக்கொள்கிறது என்பதால்.

"அப்போ புகை நல்லதா?" என்று ஒருவர் கிளம்புவார். நல்லது என்று யார் சொன்னது? ஒயரின் பிளாஸ்டிக் மேலுறை எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு. மின்சுற்றுப் பலகையைச் சுட்டால் ஈயம். அதை முதலில் மூச்சில் வாங்குபவன் அவன்தான், நாம் இல்லை. 2014இல் அங்கே ஒயர் உரிக்கும் இயந்திரங்கள் கொண்டுவந்து வைத்தார்கள். நல்ல முயற்சிதான். தடித்த கேபிளை அது உரித்தது. மெல்லிய ஒயரோ நெருப்புக்கே போனது. அதற்கு ஒரு வழி சொல்லிவிட்டு அப்புறம் அறியாமை பற்றிப் பேசுங்கள்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2016இல் கானா ஆபத்தான கழிவுக்கும் மின்கழிவுக்கும் சேர்த்துச் சட்டம் போட்டது. ஆனால் வீடு வீடாகப் போய்ப் பழைய டிவியைச் சட்டமா எடுத்து வரும்? தள்ளுவண்டிக்காரன்தான் எடுத்து வருகிறான். 2022இல் உலகம் தூக்கிப்போட்ட மின்கழிவு 6.2 கோடி டன், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம் என்கிறது ஐ.நா. அறிக்கை. ஆப்பிரிக்காவில் ஒரு சதவீதம்கூட இல்லை. சேகரிப்பவனையும் விரட்டிவிட்டால் மிச்சம் என்ன?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். என் அப்பா ரேடியோ மெக்கானிக். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு கயிற்றில் கட்டி வைத்திருப்பார். தரையில் சிதறிய திருகாணிகளை அதை இழுத்துத்தான் பொறுக்குவார். அக்போக்புளோஷி சிறுவர்களும் அதே மாதிரி ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி மண்ணில் இழுத்துப் போவதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஈயப்பற்று வைக்கும் புகையிலேயே அப்பா முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தார். "குப்பை பொறுக்கி" என்று சொந்தக்காரரே ஒருவர் அவர் காதுபடச் சொன்னார். அப்பா சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

"நீ மட்டும் போன் மாற்றுவதில்லையா?" மாற்றுகிறேன். மேஜை இழுப்பறையில் மூன்று செத்த போன் கிடக்கிறது. போதுமா?

ஆனால் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டி, கழற்றவே முடியாதபடி போன் செய்து விற்பவன் பெயர் "புதுமை". அதையும் நெம்பிக் கழற்றிக் காசாக்குகிறவன் பெயர் "அறியாமை". நன்றாக இருக்கிறது உங்கள் அகராதி.

இதையெல்லாம் சுருக்கி அந்தப் பதிவின் கீழேயே எழுதினேன், மரியாதையாகத்தான். பதிவு போட்ட நண்பர் ஒரு கும்பிடு எமோஜி போட்டார். தலைப்பு அப்படியே இருக்கிறது.