கேட்கும் விதம்தான் முக்கியம்
'தற்கொலை பற்றிக் கேட்டால் பிள்ளை மனதில் நாமே அந்த எண்ணத்தை விதைத்ததாகிவிடும்' என்று பயப்படுவது சரியல்ல. நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை என்றுதான் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. கோளாறு கேட்கும் விதத்தில் இருக்கிறது. "அப்படியெல்லாம் ஒண்ணும் நினைக்கலையே?" என்றால் 'இல்லை' என்ற பதிலை நாமே எடுத்துக் கொடுக்கிறோம், பிள்ளையும் அதையே சொல்லிவிட்டு எழுந்து போகும். தனியாக இருக்கும்போது, அவசரமில்லாமல், "செத்துடலாம்னு தோணுதா?" என்று மழுப்பாமல் கேளுங்கள். ஆமாம் என்றால் அதிரவோ, திட்டவோ, 'உனக்கு என்ன குறை' என்று கணக்குப் போடவோ வேண்டாம். எப்போதிலிருந்து, ஏதாவது முடிவு பண்ணி வைத்திருக்கிறாயா, முன்பு முயன்றதுண்டா என்று கேளுங்கள். முன்பு முயன்றிருந்தால் ஆபத்து மிக அதிகம். திட்டம் இருந்தால் ஒரு நிமிஷமும் தனியே விடாதீர்கள். தாத்தா பாட்டியின் மாத்திரை டப்பா உட்பட எல்லா மருந்தும் பூட்டுக்குள் போகட்டும் (இதைத்தான் பல வீடுகளில் மறந்துவிடுகிறார்கள்). அன்றைக்கே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் இருக்கிறது. ஆசிரியர்கள் சறுக்குவது, 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுப்பதில். அதைக் காப்பாற்றவும் முடியாது, மீறினால் நம்பிக்கையும் போய்விடும். தற்கொலைக்கு முயன்றது வெளியே தெரிந்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயமும் வேண்டாம். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதுகிறது, தண்டனை கிடையாது; 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆவது பிரிவு இல்லவே இல்லை. 24 மணி நேரமும் தமிழில் பேச அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416. சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகா 044-24640050. பெற்றோரும் கூப்பிடலாம்.