எல்லாச் சொரெண்டோவுக்கும் லோ கியர் இல்லை

"கியா சொரெண்டோவா? லொறி மாதிரித் தனிச் சேசி, லோ கியரும் இருக்கு, எந்தத் தோட்டத்துப் பாதையும் ஏறும்" என்று கியாவின் இந்த ஜீப் வகை வண்டியைப் பற்றி ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. தனிச் சேசி, அதாவது வண்டியின் பொடியை (உடலை) தாங்கும் தனி இரும்புச் சட்டகம், 2002இல் வந்த முதல் தலைமுறைக்கு மட்டும். அதிலும் லோ கியர், அதாவது மெதுவாக ஆனால் பலமாக இழுக்கும் கூடுதல் கியர், நான்கு சக்கர இழுவை வண்டிகளுக்குத்தான். 2009இல் வந்த இரண்டாம் தலைமுறையிலிருந்து பொடியும் சேசியும் ஒன்றே, லோ கியர் கிடையாது. அதில் உள்ள 'லொக்' பட்டனை லோ கியர் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. அது இழுவையைப் பின்சக்கரங்களுக்கும் பகிர்ந்து கொடுக்கும், அவ்வளவுதான். வேகம் கூடினால் தானே விலகிவிடும்.

இரண்டாம் தலைமுறையில் முன்சக்கர இழுவை மட்டும் உள்ளவையும் இருக்கின்றன. வாங்கும்போது குனிந்து பின்பக்கம் அடியில் பாருங்கள். நடுவில் உருண்டையாக டிஃபரன்ஷியலும் (பின்சக்கரங்களுக்கு இழுவையைக் கொடுக்கும் பெட்டி) அதற்குப் போகும் ஷாஃப்டும் இல்லையென்றால், கதவில் எந்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் அது நான்கு சக்கர இழுவை என்று நம்ப வேண்டாம். ஹட்டன் பக்கம் மழையில் நனைந்த செங்குத்து ஏற்றத்தில், ஏழு பேரோடு பாரம் பின்னுக்குச் சாய, முன்சக்கரம் சும்மா சுற்றும்.

மற்றபடி, குடும்பத்தோடு கண்டி, நுவரெலியா ஓட இரண்டாம் தலைமுறைதான் சொகுசு. என் தெரிவும் அதுதான். அப்புறம், றம்பொடை இறக்கத்தில் எதை ஓட்டினாலும் கியரைக் குறைத்தே இறங்குங்கள். நான்கு சக்கர இழுவை பிரேக்குக்கு உதவாது.