பட்டி வைக்கும் முன் இரும்பைப் பளபளப்பாக்க வேண்டாம்

"துருவின் மேல் ரஸ்ட் கன்வர்ட்டர் (துருவைக் கெட்டியான படலமாக மாற்றும் திரவம்) அடியுங்கள், காய்ந்ததும் நேராகப் பட்டி (பெயின்ட்டுக்கு முன் பள்ளம் நிரப்பும் பசை) வையுங்கள், இரும்பு எவ்வளவு வழவழப்போ அவ்வளவு நல்லது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

பாலியெஸ்டர் பட்டி இரும்பைப் பிடிப்பது பெரும்பாலும் கீறல்களில் இறுகித்தான். பளபளப்பான பரப்பில் அதற்குப் பிடிமானம் இல்லை. 80 கிரிட் (கரடுமுரடான ரகம்) உப்புத்தாள் போட்ட சொரசொரப்பு வேண்டும்.

கன்வர்ட்டர் பலவற்றில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது. அமில மிச்சம் பட்டியின் அடிப்பகுதியைச் சரியாக இறுக விடாது. செல்ஃப் எட்ச் பிரைமர் (அமிலம் கலந்த அடிப்பூச்சு) மேல் பட்டி வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். துருவைச் சுரண்டியோ மணல் வீச்சிலோ வெறும் இரும்பு தெரியும்வரை எடுப்பதே பாதுகாப்பு. இடையில் ஏதாவது பூசியே ஆக வேண்டுமென்றால் அமிலம் இல்லாத எபாக்சி பிரைமர் சரி.

இன்னொன்று, வரிசை. முதலில் எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும், அப்புறம்தான் உப்புத்தாள். மாற்றிச் செய்தால் எண்ணெயைக் கீறலுக்குள் தேய்த்து ஏற்றுகிறோம். பழைய லேத் (கடைசல் இயந்திரம்) போன்ற வார்ப்பிரும்பு உடல் இதில் பெரிய தொல்லை. பல வருட எண்ணெய் நுண்துளைகளில் ஊறியிருக்கும். தின்னரால் துடைத்து, ஆவியாகும் முன் வேறு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். தின்னர் ஈரம் முழுக்க ஆவியானதும் ஹீட் கன்னால் (சூடான காற்று ஊதும் கருவி) மிதமாகச் சூடாக்கினால் எண்ணெய் மறுபடி கசியும், மறுபடி துடைக்க வேண்டும். நானும் ஒருமுறை இதில் அவசரப்பட்டு, பட்டியை அப்பளம் போல உரித்தெடுத்திருக்கிறேன்.

தேய்த்த இரும்பை ராத்திரி முழுக்கத் திறந்து போடாதீர்கள். அன்றே பட்டியோ பிரைமரோ ஏற வேண்டும்.