தாடை மூட்டு நகர்ந்தாலே ஆபரேஷன் தோல்வியா?

"தாடை ஆபரேஷனுக்கு அப்புறம் ஸ்கேனில் மூட்டு கொஞ்சம் நகர்ந்திருந்தாலே டாக்டர் சொதப்பிவிட்டார் என்று அர்த்தம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க.

தாடையின் அமைப்பைச் சரிசெய்யும் இந்த ஆபரேஷனில் கீழ்த்தாடையை இருபுறமும் பிளந்து நகர்த்தும்போது, மூட்டுக்குமிழ் (காதருகே மண்டையோட்டுக் குழியில் பொருந்தும், தாடை எலும்பின் உருண்டையான நுனி) இருக்கும் பின்துண்டு தனியாகிவிடும். அதைக் குழியில் உட்காரவைத்துத்தான் தகடும் திருகும் போடுகிறார்கள். நோயாளியோ மயக்கத்தில் மல்லாந்து கிடக்கிறார், தசையெல்லாம் தளர்ந்திருக்கிறது. இதில் மயிரிழை பிசகாமல் பழைய இடத்திலேயே வைப்பது நடக்காத காரியம். போதாததற்கு, மூட்டுக்குள் வீக்கமும் நீரும் சேர்ந்து குமிழைச் சற்றுக் கீழே தள்ளும். வடிந்ததும் பெரும்பாலும் அது மேலேறிக்கொள்ளும். மறுவாரமே எடுத்த ஸ்கேனை வைத்துத் தீர்ப்பு எழுதினால் எப்படி? சிறு நகர்வுக்கும் சில டிகிரி திருப்பத்துக்கும் ஏற்ப மூட்டு எலும்பு பொதுவாகத் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

நிஜமான பிசகு வேறு மாதிரி தெரியும். தகடு போட்டதும், மேல் கீழ்ப் பற்களைச் சேர்த்துப் போட்டிருந்த கட்டை அவிழ்த்து, தாடையைத் திறந்து மூடிப் பார்ப்பார்கள். கடி (மேல் கீழ்ப் பற்கள் பொருந்தும் விதம்) சேரவில்லை என்றால் குமிழ் ஒழுங்காக உட்காரவில்லை என்று திருகைக் கழற்றி, அதே மேஜையிலேயே மறுபடி வைப்பார்கள்.

இன்னொன்று, மாதக்கணக்கில் மெல்ல வருவது: குமிழ் எலும்பே கரைந்து, தாடை பின்வாங்கி, மேல் கீழ் முன்பற்கள் ஒன்றோடொன்று சேராமல் விலகும். சிறிய கீழ்த்தாடையை நிறைய முன்னே கொண்டுவந்த இளம்பெண்களுக்கு இந்த அபாயம் கூடுதல். அவர்கள் கடி மாறுகிறதா என்று பார்க்கும் பரிசோதனைகளைத் தவறவிடக் கூடாது.