கொட்டகையில் 17 டப்பாக்கள்

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ராலிக்கு அருகில் இருந்த நகரத்து வீட்டை விட்டு, அதே மாநிலத்தின் கிராமப்புறக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) ஒன்றுக்குக் குடிவந்தோம். ஒரு காலத்தில் புகையிலை விளைந்த நிலம்; இப்போது பாதி பைன் மரக்காடு, பாதி மேய்ச்சல். நகரத்தில் இருந்தவரை, செவ்வாய் இரவு தொட்டியை உருட்டித் தெருவோரம் நிறுத்துவதோடு குப்பையைப் பற்றிய என் கவலை முடிந்துவிடும். மறுநாள் காலை தொட்டி காலியாக இருக்கும். உள்ளே போட்டது எங்கே போயிற்று என்று ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை. கிராமத்துக்கு வந்த பிறகுதான், ஒரு வீடு ஒரு வாரத்தில் எவ்வளவு குப்பை சேர்க்கிறது என்பது கண்ணுக்கும், குறிப்பாக மூக்குக்கும் தெரிந்தது.

எங்கள் சாலைக்குக் குப்பை வண்டி வராது. கவுண்டி நிர்வாகம் 'கன்வீனியன்ஸ் சென்டர்' என்ற பெயரில் சில இடங்களை வேலியிட்டு வைத்திருக்கிறது. அவரவர் குப்பையை அவரவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு அங்கே போய்ப் போட்டுவர வேண்டும். இதற்கான ஆண்டுக் கட்டணம் சொத்து வரிச் சீட்டிலேயே சேர்ந்து வந்துவிடும்; போனாலும் போகாவிட்டாலும் கட்டியாக வேண்டும். வண்டிக் கண்ணாடியில் கவுண்டியின் ஸ்டிக்கர் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். வாசலில் ஒரு பெரியவர் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார். எது எந்தப் பெட்டிக்குள் போக வேண்டும் என்பதில் அவர் வைத்ததுதான் சட்டம். பீட்சா அட்டையை அட்டைப் பெட்டிகளோடு போட முயன்ற முதல் வாரமே அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நம்மில் பலர் இதைக் குறையாகச் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீடுகள் ஒன்றுக்கொன்று அரை மைல், ஒரு மைல் தள்ளியிருக்கும் ஊரில், ஒவ்வொரு வாசலுக்கும் லாரி அனுப்பினால் டீசலுக்கே வரிப்பணம் போதாது. மேலும், குப்பைக் கிடங்கு என்பது இன்று எந்தச் சிறு கவுண்டியும் தானே வெட்டி வைத்துக்கொள்ளக்கூடிய பள்ளமன்று. 1991-இல் வந்த மத்திய அரசின் விதிகள், கிடங்கின் அடியில் கசிவுத் தடுப்பு விரிப்பு, கசிவுநீரைச் சேர்த்தெடுக்கும் குழாய்கள், சுற்றிலும் நிலத்தடி நீரைச் சோதிக்கும் கிணறுகள், மூடிய பிறகும் 30 ஆண்டுப் பராமரிப்பு என்று வரிசையாகக் கட்டாயமாக்கின. அந்தச் செலவைத் தாங்க முடியாத சிறு கிடங்குகள் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன. குப்பை பெரிய லாரிகளில் ஏறி, பல கவுண்டிகளுக்குப் பொதுவான பெருங்கிடங்குகளுக்குப் போகத் தொடங்கியது. விதிகள் நல்லவை, கூடவே தொலைவும் வந்து சேர்ந்தது.

சென்ற ஆண்டு மாமனார் வந்திருந்தபோது அவரையும் ஒரு சனிக்கிழமை அங்கே அழைத்துப்போனேன். செய்தித்தாளையும் அலுமினிய டப்பாக்களையும் நாமே பெட்ரோல் செலவழித்து எடுத்துவந்து, பணமும் வாங்காமல் போட்டுவிட்டுப் போவதை அவரால் நம்பவே முடியவில்லை. "எடைக்குப் போட்டிருந்தால் ஒரு மாதக் காபித்தூள் தேறியிருக்குமே" என்று வீடு திரும்பும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். வீடு தேடி வந்து, தராசைப் பிடித்து, கையில் காசும் கொடுத்துவிட்டுப் போகும் பழைய பேப்பர்காரரைப் பார்த்தே வளர்ந்தவருக்கு இந்த ஏற்பாடு தலைகீழாகத்தான் தெரியும். 2018-இல் சீனா வெளிநாட்டுக் கழிவுக் காகிதத்துக்கும் நெகிழிக்கும் கதவை அடைத்த பிறகு, பல இடங்களில் மறுசுழற்சி வருமானம் தருவதற்குப் பதிலாகச் செலவு வைக்கத் தொடங்கியதை அவருக்கு விளக்கினேன். அவர் சமாதானமடையவில்லை.

ஆனால் நான் எழுத வந்தது அட்டையையும் டப்பாவையும் பற்றியன்று. இந்த வீட்டை விற்றவர்களின் பெற்றோர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கே விவசாயம் செய்தவர்கள். அவர்கள் விட்டுப்போன தகரக் கொட்டகையின் பின் அலமாரியில் 22 டப்பாக்கள் இருந்தன: பாதி தீர்ந்த எனாமல் பெயிண்ட், தின்னர், மூடி துருப்பிடித்த மர எண்ணெய், பழைய பெட்ரோல், பெயர்ச்சீட்டு உதிர்ந்துபோன பூச்சிமருந்து. ஒரு டப்பாவில் மட்டும் எழுத்து பிழைத்திருந்தது: குளோர்டேன். கரையானுக்காக அடித்த மருந்து. 1988-இல் இந்த நாட்டில் அதன் பயன்பாடு முழுதாக நிறுத்தப்பட்டது. அதை எடுத்துக்கொண்டு வாசல் பெரியவரிடம் போனால், வண்டியை விட்டு இறக்கவே விடவில்லை. அவர் செய்தது சரிதான். ஆனால் வேறு எங்கே கொண்டுபோவது என்று கேட்டபோது அவர் தோளைக் குலுக்கியதுதான் இந்தப் பதிவின் தொடக்கம்.

1976-இல் வந்த மத்தியக் கழிவுச் சட்டத்தின்படி, ஒரு தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் ஒரு பீப்பாய்த் தின்னருக்குப் பிறப்பு முதல் இறப்பு வரை சீட்டு உண்டு. யார் உண்டாக்கினார், யார் ஏற்றிச் சென்றார், எங்கே அழித்தார் என்று ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கையொப்பம் வேண்டும். அதே தின்னர் என் கொட்டகையிலிருந்து வந்தால், வீட்டுக் கழிவு என்ற விலக்கின்கீழ் அது அபாயகரமான கழிவே அன்று. ஒவ்வொரு வீட்டின் சமையலறையையும் சோதிக்க அரசால் இயலாது என்பதால் அந்த விலக்கின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் எதை அபாயம் என்று சட்டம் கணக்கில் எடுக்கவில்லையோ, அதை அகற்றித் தரும் கடமையும் யார் தலையிலும் விழுவதில்லை. கவுண்டி மனம் வைத்தால் செய்யலாம். வைக்காவிட்டால் கேட்க ஆளில்லை.

எங்கள் கவுண்டி ஓரளவு மனம் வைத்திருக்கிறது: ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை. உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்றின் லாரி வந்து நிற்கும். மக்கள் வரிசையில் வந்து கொடுத்துவிட்டுப் போகலாம். முதலாண்டு அந்த நாள் எனக்குத் தெரியவே இல்லை. இரண்டாம் ஆண்டு ஊரில் இல்லை. மூன்றாம் ஆண்டு பத்தரை மணிக்கே போய் வரிசையில் நின்றேன். ஒதுக்கிய பணத்துக்கான அளவு நிரம்பிவிட்டது என்று பன்னிரண்டு மணிக்கெல்லாம் வாயிலை மூடிவிட்டார்கள். எனக்கு முன்னால் பிக்கப் வண்டியில் நின்ற முதியவர் ஒன்றும் பேசாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அவருடைய வண்டியின் பின்புறம் இருந்தவை அன்று மாலை எங்கே போயிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

போவதற்கு இடங்களுக்கா பஞ்சம்? முற்றத்து மூலையில் எரிக்கும் பீப்பாய், சாலையோரப் பள்ளம், ஓடைக்கரை, காடு. குப்பையை எரிப்பது வட கரோலினாவில் சட்டவிரோதம். 'மண்ணில் வளராததை எரிக்காதே' என்று மாநில அரசே பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. ஆயினும் ஞாயிறு மாலைகளில் நெகிழி கருகும் வாடை எங்கள் பக்கம் புதிதன்று. இந்த மாநிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் சொந்தக் கிணற்று நீரைக் குடிக்கிறார். கிராமக் கவுண்டிகளில் அது இன்னும் அதிகம். என் கிணறும் என் செப்டிக் டேங்கும் என் கொட்டகையும் ஒரே மண்ணில்தான் இருக்கின்றன. ஒரு காரிலிருந்து வடிக்கும் ஒரு கேலன் எண்ணெய் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்பது மத்திய சுற்றுச்சூழல் முகமையின் கணக்கு. நகரத்தில் இந்தத் தவற்றைச் செய்தால் நகராட்சி நீர் நிலையத்துக்கு வேலை கூடும். இங்கே செய்தால், செய்தவரின் பேரக்குழந்தையே அதைக் குடிக்கும்.

முறையான வழி விலையேறியதாக இருந்தால் நஞ்சு குறுக்கு வழியில் போகும் என்பதை இந்த மாநிலம் வேறு எவரிடமும் போய்க் கற்க வேண்டியதில்லை. 1978 கோடையில், பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த மின்மாற்றி எண்ணெயை முறையாக அழிக்கும் செலவைத் தவிர்ப்பதற்காக, சிலர் இரவு நேரத்தில் டேங்கர் வால்வைத் திறந்துவிட்டபடியே 240 மைல் சாலையோரங்களில் ஊற்றிக்கொண்டு போனார்கள். 14 கவுண்டிகளின் மண் கெட்டது. அந்த மண்ணைச் சுரண்டியெடுத்துப் புதைக்க மாநில அரசு தேர்ந்தெடுத்த இடம் வாரன் கவுண்டி: ஏழ்மையான கிராமப்புறம், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் இடம், அவர்களும் கிணற்று நீரையே நம்பியிருந்தவர்கள். 1982 செப்டம்பரில் லாரிகள் வரத் தொடங்கியபோது மக்கள் சாலையில் படுத்து மறித்தார்கள். ஆறு வாரங்களில் 500 பேருக்கு மேல் கைதானார்கள். இருந்தும் மண் புதைக்கப்பட்டது. அதை நஞ்சு நீக்கி முடித்தது 2003-இல்தான். சூழல் நீதி என்ற சொல்லுக்கு உயிர் கொடுத்த போராட்டம் என்று வாரன் கவுண்டியை வரலாறு நினைவுகூர்கிறது. அந்த மரியாதை அவர்களுக்கு உரியதே. ஆனால் எண்ணெயை அழிக்கும் செலவுக்கு முதலிலேயே ஒரு வழி இருந்திருந்தால், அந்த மக்கள் வரலாற்றில் இடம்பெறாமல் நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

பணம் இல்லை என்பதுதான் கவுண்டி தரப்பின் ஒரே பதில். அது பொய்யுமன்று. ஆனாலும் கன்வீனியன்ஸ் சென்டரில் ஆண்டு முழுவதும் எவற்றை வாங்கிக்கொள்கிறார்கள் என்று கவனித்தால் ஒன்று புலப்படும். பழைய டயர்களுக்கு இடமுண்டு. புதிய டயர் வாங்கும்போதே பெரும்பாலானவற்றுக்கு 2 விழுக்காடு அகற்றல் வரி பிடித்துவிடுகிறார்கள். கார் பேட்டரியை விற்ற கடையே திரும்ப எடுத்துக்கொள்கிறது. பழையதைக் கொண்டுவராவிட்டால் புதியதன் விலையோடு ஒரு முன்பணம் சேரும். ஆக, எதற்கு வாங்கும்போதே அதன் ஈமச்செலவையும் வசூலித்துவிட்டார்களோ அதற்கு வாரந்தோறும் வாசல் திறந்திருக்கிறது. எதற்கு வசூலிக்கவில்லையோ அதற்கு ஆண்டில் நான்கு மணி நேரம். எது எவ்வளவு நஞ்சு என்பதற்கும் இந்தப் பிரிவினைக்கும் பெரிய தொடர்பு இல்லை.

பெயிண்டுக்கும் இதைச் செய்ய முடியும் என்று ஓரிகன் மாநிலம் 2010-இலேயே காட்டிவிட்டது. ஒவ்வொரு டப்பாவின் விலையிலும் ஒரு சிறு தொகையைச் சேர்த்து, அந்தப் பணத்தில் மீந்த பெயிண்டைக் கடைகளிலேயே திரும்பப் பெறுகிறார்கள். கலிபோர்னியா உட்படப் பல மாநிலங்கள் பின்தொடர்ந்துவிட்டன. வட கரோலினாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. பூச்சிமருந்து விஷயத்தில் மாறாக, எங்கள் மாநில வேளாண்துறையைப் பாராட்டியே ஆக வேண்டும்: 1980 முதல் விவசாயிகளிடமிருந்தும் வீட்டுக்காரர்களிடமிருந்தும் பழைய, தடைசெய்யப்பட்ட மருந்துகளை இலவசமாகப் பெற்று அழிக்கிறார்கள். என் குளோர்டேனும் பெயரில்லாத நான்கு டப்பாக்களும் சென்ற வசந்தத்தில் அப்படித்தான் போயின. வேளாண் விரிவாக்க அலுவலகத்து முற்றத்தில், எந்தக் கேள்வியும் குற்றச்சாட்டும் இல்லாமல், கையுறை அணிந்த இளைஞர் ஒருவர் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். இப்படியொரு திட்டம் இருப்பதையே பக்கத்துப் பண்ணைக்காரர் சொல்லித்தான் அறிந்தேன். குப்பை மையத்தின் அறிவிப்புப் பலகையில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

நான் கேட்பது பெரிய கட்டடமன்று. ஏதாவது ஒரு மையத்தில், பூட்டும் காற்றோட்டமும் கசிவைத் தாங்கும் தரையும் உள்ள ஓர் இரும்பு அறை. பயிற்சி பெற்ற ஒருவர். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை. எனாமல் பெயிண்ட், தின்னர், டியூப்லைட், லித்தியம் பேட்டரி ஆகிய நான்கை மட்டும் வாங்கினால்கூடப் போதும். லித்தியம் பேட்டரியைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு: அதைக் குப்பைப் பையில் போட்டால், நசுக்கும் பெட்டிக்குள்ளேயே தீப்பிடிக்கக்கூடும். ஒரு பெட்டியும் ஒரு லாரியும் எரிந்தால் வரும் நட்டத்தையும் கணக்குப் போட்டுவிட்டுப் பணம் இல்லை என்று சொல்லட்டும். இதற்கிடையே, தண்ணீரில் கரையும் சுவர் பெயிண்டை அந்த ஒரு நாள் வரிசைக்குத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். அது நச்சுக் கழிவு அன்று. வளர்ப்புப் பூனைகளின் கழிவுத் தட்டில் போடும் மணலைக் கொட்டிக் காயவைத்து, மூடியைத் திறந்தபடியே சாதாரணக் குப்பையில் போடலாம். அன்று எனக்கு முன்னால் நின்ற வண்டிகளில் பாதி அதைத்தான் சுமந்து வந்திருந்தன.

வட கரோலினாவில் கவுண்டிகளின் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது; அதற்கு முன்பு ஆணையர் குழு வரவுசெலவுத் திட்டத்தின் மீது பொது விசாரணை நடத்தியாக வேண்டும். எங்கள் ஊரில் பேச ஒருவருக்கு மூன்று நிமிடம். சென்ற ஆண்டு நான் போனபோது கூட்டத்தில் பதினோரு பேர் இருந்தோம். குப்பையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, நான் உட்பட. இம்முறை பெயரைப் பதிவு செய்திருக்கிறேன். இந்தக் கவுண்டியில் இருக்கும் மற்ற மூன்று தமிழ்க் குடும்பங்களும் வந்தால் பன்னிரண்டு நிமிடம் ஆகும். கொட்டகையில் மீதமிருக்கும் 17 டப்பாக்களையும் பெரிய பிளாஸ்டிக் தட்டுகளில் அடுக்கி, ஒவ்வொன்றின் மீதும் உள்ளே இருப்பதை எழுதி ஒட்டிப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் படத்தையும் கொண்டுபோகிறேன்.